ஆட்டின் புழுவும் ஆக்சைடுத் துகளும்: நானோ குடற்புழு ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் ஆடோ மாடோ வளர்ப்பவராக இருந்து, மருந்துக்கு அடங்காத குடற்புழுவால் நொந்துபோய் இதைப் படிக்க வந்திருந்தால், முதல் வார்த்தை உங்களுக்குத்தான். நானோ பொடியை வாங்கி நீரில் கலக்கி எந்தக் கால்நடைக்கும் புகட்டிவிடாதீர்கள். கண்ணாடித் தட்டில் புழுவைக் கொல்லும் பொருள் எல்லாம் மருந்து ஆகிவிடாது. அது உடலுக்குள் எங்கே போகிறது, எத்தனை நாள் தங்குகிறது, பாலிலும் ஈரலிலும் எவ்வளவு சேர்கிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகே மருந்து. உலோக ஆக்சைடு நானோ துகள்கள் அந்த இடத்தை இன்னும் எட்டவில்லை. உங்கள் மந்தைக்கு இன்றே உதவக்கூடியதைப் படி 2இன் முடிவில் சொல்லியிருக்கிறேன்.

மற்றபடி இது, இந்த ஆய்வுக்குள் இப்போதுதான் காலடி வைக்கும் மாணவர்களுக்கும் இளம் கால்நடை மருத்துவர்களுக்கும் எழுதியது. துகளைத் தயாரிப்பதும் எளிது, புழுவைக் கொல்வதும் எளிது. கொன்றது துகள்தானா என்று நிறுவுவதுதான் கடினம். இதில் தொடங்கும் பலர் அந்தக் கடினமான பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அதனால் அதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

இந்தத் தேடல் ஏன் தொடங்கியது

தயாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்து 1961இல் வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கு அடங்காத புழுக்கள் ஆடுகளில் கண்டறியப்பட்டன. ஐவர்மெக்டின் 1981இல் கால்நடை மருந்தாக வெளிவந்தது. அதைத் தந்த சத்தோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெல்லும் 2015இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கும் எதிர்ப்புத் திறன் பெற்ற புழுக்கள் இன்று உலகெங்கும் உள்ளன. 2009இல் வந்த மோனிபான்டெலுக்கும் சில ஆண்டுகளிலேயே அதே கதி நேர்ந்தது.

இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் புழுவின் உடலில் ஒரே ஒரு பூட்டைத் தேடிப் போகின்றன. தயாபெண்டசோல் அடங்கிய பென்சிமிடசோல் வகை, பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றுகிறது. லெவாமிசோல் நரம்பு ஏற்பியைத் தாக்குகிறது. ஐவர்மெக்டின் குளோரைடு வாயிலைத் திறந்துவிட்டுப் புழுவை முடக்குகிறது. பூட்டின் அமைப்பு சற்றே மாறிய புழு தப்பித்துக்கொள்கிறது, அதன் சந்ததி மேய்ச்சல் நிலத்தை நிறைக்கிறது. உலோக ஆக்சைடுகளின் மீது நம்பிக்கை பிறந்தது இங்கேதான். அவை ஒரே பூட்டை நாடுவதில்லை. வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன, உலோக அயனிகளைக் கசியவிடுகின்றன, மேல்தோலில் ஒட்டிச் சிதைக்கின்றன. பல முனைத் தாக்குதலுக்குப் புழு பழகுவது கடினம் என்பது எதிர்பார்ப்பு. நல்ல எதிர்பார்ப்புதான், ஆனால் அந்தப் பல முனைகளும் ஆட்டின் குடல் சுவரையும் நோக்கியே நிற்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

படி 1: எந்தப் புழு, எந்த உறுப்பு

"குடற்புழு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆய்வைத் தொடங்காதீர்கள். புழு வாழும் இடத்தின் அமிலத்தன்மைதான் உங்கள் துகளின் தலைவிதியைத் தீர்மானிக்கப்போகிறது.

ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ், ஆட்டின் நான்கு அறை வயிற்றின் கடைசி அறையான நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் உருளைப்புழு. ஒரு புழு ஒரு நாளில் சுமார் 0.05 மி.லி. இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாளுக்கு 50 மி.லி. தாடைக்குக் கீழே நீர் கோத்து, கண்ணின் உள் இமை வெளுத்து, குட்டி நிற்க முடியாமல் விழுவதன் கணக்கு இதுதான். பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடுகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்தில் அவை தொற்றும் பருவத்து இளம்புழுக்களாகப் புல்லில் ஏறிவிடும்.

டிரைக்கோஸ்ட்ராங்கிலஸின் பல இனங்கள் சிறுகுடலில் வாழ்கின்றன. டாக்சோகாரா விட்டுலோரம் தாய்ப்பால் வழியாக எருமைக் கன்றுக்கும் பசுங்கன்றுக்கும் போகிறது. ஃபாசியோலா தட்டைப்புழு ஈரலின் பித்த நாளத்தில் குடியிருக்கிறது. உருளைப்புழுவின் மேல்தோல் கொலாஜனால் ஆன உறுதியான உறை. தட்டைப்புழுவின் மேற்பரப்போ உணவை உறிஞ்சும் உயிருள்ள படலம். துகள் ஒன்றின் மேல் ஒட்டும் விதமும் மற்றொன்றின் மேல் ஒட்டும் விதமும் ஒன்றல்ல.

தொடக்கத்துக்கு ஹீமாங்கஸைப் பரிந்துரைப்பேன். முட்டை நிறையக் கிடைக்கும், முதிர்ந்த புழு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும், அறுப்புக்கூடத்து இரைப்பைகளிலிருந்து எடுக்க முடியும். அதைவிட முக்கியமாக, அது செய்யும் கேட்டுக்கு நிகராக வேறொரு புழுவை ஆட்டில் காண்பது அரிது.

படி 2: எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

துகளைத் தொடுவதற்கு முன் ஒரு மாதமாவது சாண மாதிரிகளோடு உட்காருங்கள். மெக்மாஸ்டர் முறையில் 4 கிராம் புழுக்கையை 56 மி.லி. மிதப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டி, எண்ணும் தகட்டின் இரண்டு அறைகளிலும் கட்டத்துக்குள் உள்ள முட்டைகளை எண்ணி, கூட்டுத்தொகையை 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது கிடைக்கும். முட்டைகள் மேலே மிதந்து வரச் சில நிமிடங்கள் விடுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசல் உருளைப்புழு முட்டைக்குப் போதும். ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, அதில் மிதக்காது. அதற்குப் படிய வைக்கும் முறை வேண்டும்.

ஒரே மாதிரியை மூன்று முறை எண்ணிப் பாருங்கள். மூன்று எண்களும் எவ்வளவு விலகுகின்றன என்பதைக் குறித்து வையுங்கள். நாளை உங்கள் துகள் முட்டை எண்ணிக்கையை 30 விழுக்காடு குறைத்தது என்று எழுதும்போது, உங்கள் எண்ணும் கையே அந்த அளவுக்குத் தடுமாறுகிறதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே வளர்ப்போருக்கு வாக்களித்த இரண்டு வரிகள். ஹீமாங்கஸ் மிகுந்த இடங்களில் தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை உதவும். கண்ணின் உள் இமை நிறத்தை 1 முதல் 5 வரை தரம் பிரித்து, வெளுத்தவற்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பது அதன் வழி. மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் கொடுத்தால், தப்பிப் பிழைக்கும் புழு எல்லாம் மருந்தை வென்ற புழுவாகவே இருக்கும். சில ஆடுகளை விட்டுவைத்தால், மருந்துக்கு அடங்கும் புழுக்களும் நிலத்தில் எஞ்சியிருந்து, வென்றவற்றின் பெருக்கத்தை நீர்த்துப்போகச் செய்யும். கொடுத்த மருந்து வேலை செய்ததா என்பதை 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி முட்டை எண்ணிப் பார்த்தே சொல்ல முடியும். குறைவு 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எதிர்ப்புத் திறனைச் சந்தேகித்துக் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

படி 3: துகளைத் தேர்ந்தெடுப்பது

ஒன்று முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகளையே நானோ துகள் என்கிறோம். இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுபவை நான்கு.

துத்தநாக ஆக்சைடு புதியவருக்கு ஏற்றது. அமிலத்தில் கரையும், காரத்திலும் கரையும். அதன் நடத்தையை விளக்கும் வேதியியல் நன்றாகத் தெரிந்தது. செம்பு ஆக்சைடு வீரியமானது. ஆனால் செம்மறி ஆடு செம்பைத் தாங்காது. ஈரலில் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்து, ஒரு நாள் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலையும் கறுத்த சிறுநீருமாய் ஆடு மாய்ந்துவிடும். இரும்பு ஆக்சைடின் மேக்னடைட் வடிவத்தைக் காந்தத்தால் பிரித்தெடுக்கலாம் என்பது ஆய்வுக்கூடத்தில் பெரிய வசதி.

டைட்டானியம் டை ஆக்சைடைப் பற்றித் தனியாக ஒரு சொல். அது புற ஊதா ஒளி பட்டால்தான் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருமளவில் உண்டாக்கும். ஆட்டின் குடலுக்குள் ஒளி ஏது? சன்னலோரம் வைத்த தட்டில் கிடைக்கும் அருமையான முடிவு, இருட்டான வயிற்றில் ஒன்றுமில்லாமல் போகலாம். துத்தநாக ஆக்சைடுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆகவே எந்தத் துகளாக இருந்தாலும் தட்டுகளைத் தகடு சுற்றி இருட்டில் வையுங்கள். ஒளியில் ஒரு தொகுதி, இருட்டில் ஒரு தொகுதி என்று இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது. தவிர, ஐரோப்பிய ஒன்றியம் டைட்டானியம் டை ஆக்சைடை உணவுச் சேர்பொருள் பட்டியலிலிருந்து 2022இல் நீக்கிவிட்டது. கால்நடைக்குப் புதிதாக ஒன்றைக் கொண்டுவர நினைப்பவர் அந்த முடிவின் காரணங்களைப் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

படி 4: தயாரித்தல், அடையாளம் காணல்

எளிய வழி இதுதான். துத்தநாக அசிடேட் அல்லது நைட்ரேட் கரைசலைக் கலக்கிக்கொண்டே சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாகச் சேருங்கள். வெண்ணிற வீழ்படிவு வரும். அதைக் கழுவி, உலர்த்தி, உலையில் சூடாக்கினால் ஆக்சைடு. இலைச்சாறு கொண்டு தயாரிக்கும் "பசுமை முறை" பெருவழக்காகிவிட்டது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல இலைகளில் உள்ள டானின்களும் பிற பொருள்களும் தாமாகவே புழுவைப் பாதிப்பவை. துகளின் மேல் ஒட்டிக்கொண்ட சாறு கொன்றதா, துகள் கொன்றதா? சாற்றை மட்டும் தனியாகச் சோதிக்காத ஆய்வால் இதற்கு விடை சொல்ல முடியாது.

பொடி கிடைத்ததும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இது துத்தநாக ஆக்சைடுதானா? எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் பதிவு சொல்லும், படிக அளவையும் ஷெரர் சமன்பாட்டால் கணிக்கலாம். துகள் எந்த வடிவில், எந்த அளவில் இருக்கிறது? ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி காட்டும். நீரில் கலந்தபின் தனித்தனியாக நிற்கிறதா, கட்டிகட்டியாகச் சேர்கிறதா? இதை ஒளிச்சிதறல் முறையில் அளக்க வேண்டும். நுண்ணோக்கியில் 30 நானோமீட்டராகத் தெரிந்தது நீரில் 600 நானோமீட்டர் கட்டியாகத் திரண்டிருப்பது அன்றாட நிகழ்வு. புழு சந்திக்கப்போவது அந்தக் கட்டியைத்தான். எனவே அளவை எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள்.

உங்கள் நுரையீரலையும் காத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பொடியைத் திறந்த மேசையில் எடை போடாதீர்கள். புகைபோக்கிக் கூண்டுக்குள், கையுறையோடும் தகுந்த முகக்கவசத்தோடும் எடுத்து, உடனே நீரில் நனைத்துவிடுங்கள். நனைந்த துகள் பறக்காது. துத்தநாக ஆக்சைடு புகையைச் சுவாசித்தவர்களுக்கு வரும் காய்ச்சல் உலோகத் தொழிலாளர்களிடையே நெடுநாளாக அறியப்பட்ட நோய். கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் சேருங்கள். துத்தநாகமும் செம்பும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு.

படி 5: ஊடகம் என்னும் பொறி

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம், என் மூன்று வாரங்கள் இதில்தான் கரைந்துபோயின. முதிர்ந்த புழுக்களை வைக்கப் பலரும் பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். துத்தநாக அயனியும் பாஸ்பேட்டும் சந்தித்தால் துத்தநாக பாஸ்பேட் வீழ்படிவாகும். தட்டின் அடியில் வெண்மையாகப் படிந்திருந்ததை நான் துகள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு துகள், எவ்வளவு பாஸ்பேட் என்று பிரித்தறிய வழியே இல்லாத நிலையில் எடுத்த பதிவுகள் அனைத்தையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

துத்தநாகத்தோடு வேலை செய்பவர் பாஸ்பேட் இல்லாத உப்புக் கரைசலுக்கு மாறுவது நல்லது. அமிலத்தன்மையைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து எழுதுங்கள். துகளைச் சேர்ப்பதற்குச் சற்று முன் மீயொலிக் கருவியில் கலக்குங்கள், எத்தனை நிமிடம் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றாதீர்கள். கொஞ்சம் பெரிய திட்டமாக இருந்தால், வடிகட்டிய இரைப்பைத் திரவத்திலும் ஒரு தொகுதியைச் செய்யுங்கள். அதில் உள்ள புரதங்கள் துகளைப் போர்த்திவிடும், அதன் பிறகு அது உங்கள் பீக்கரில் இருந்த துகள் அல்ல.

படி 6: முட்டை, இளம்புழு, முதிர்ந்த புழு

முட்டைப் பொரிப்புச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். புதிய புழுக்கையிலிருந்து முட்டைகளைப் பிரித்து, குழி ஒன்றுக்குச் சுமார் 100 முட்டைகள் இட்டு, துகளை ஒவ்வொரு படியிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் செறிவுகளில் சேருங்கள். 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வைத்து, லூகால் அயோடின் சொட்டு விட்டு நிறுத்தி, பொரிந்ததையும் பொரியாததையும் எண்ணுங்கள். முட்டை பழையதாகக் கூடாது. காற்றுபடக் கிடந்தால் சில மணி நேரத்திலேயே கரு வளரத் தொடங்கிவிடும், அத்தகைய முட்டையின் விடை வேறாக இருக்கும். செறிவு மிகுந்த குழிகளில் துகள் முட்டை ஓட்டை மூடிக் கண்ணை மறைக்கும். மெல்லக் கழுவிவிட்டுப் பாருங்கள்.

இளம்புழு அசைவுச் சோதனையை விரைவாகக் கடந்துவிடலாம். தொற்றும் பருவத்து இளம்புழு தன் முந்தைய பருவத் தோலையும் போர்த்திக்கொண்டிருப்பதால், அது துகளுக்கு எளிதில் மசியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதிர்ந்த புழுவுக்கு அறுப்புக்கூடத்திலிருந்து நான்காம் இரைப்பையைக் கட்டி எடுத்து வந்து, விரைவாகத் திறந்து, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் புழுக்களைக் கழுவிச் சேகரியுங்கள். தட்டுக்குப் பத்து, செறிவுக்குக் குறைந்தது மூன்று தட்டுகள், 37 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். குறித்த நேரங்களில் அசைவைப் பதிவு செய்யுங்கள். அசையாத புழு செத்த புழு அல்ல. அதை எடுத்துச் சுத்தமான வெதுவெதுப்பான கரைசலில் அரை மணி நேரம் விட்டு, மீண்டும் நெளிகிறதா என்று பார்த்த பிறகே இறந்ததாக எழுதுங்கள். எண்ணுபவருக்கு எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. தட்டின் அடியில் குறியெண் மட்டும் ஒட்டி, பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். வெண்மையாகக் கலங்கிய தட்டைப் பார்த்தாலே கண்ணுக்குப் புழு தளர்ந்ததாகத் தோன்றும்.

படி 7: ஒப்பீடுகள்

இந்தக் கட்டுரை முழுவதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எதுவும் சேர்க்காத தட்டு ஒன்று, அல்பெண்டசோல் போன்ற தெரிந்த மருந்து சேர்த்த தட்டு ஒன்று. இந்த இரண்டோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். அது போதாது. இன்னும் மூன்று வேண்டும்.

முதலாவது, அயனித் தட்டு. நீரில் கரையும் துத்தநாக சல்பேட்டை, துகளில் உள்ள அதே அளவு துத்தநாகம் வரும்படி எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாக ஆக்சைடின் எடையில் சுமார் 80 விழுக்காடு துத்தநாகம், ஏழு நீர் மூலக்கூறு கொண்ட துத்தநாக சல்பேட்டில் சுமார் 23 விழுக்காடு. ஆகவே 1 மில்லிகிராம் ஆக்சைடுக்கு ஈடு ஏறக்குறைய 3.5 மில்லிகிராம் சல்பேட். செம்பென்றால் 1 மில்லிகிராம் ஆக்சைடுக்கு ஐந்து நீர் மூலக்கூறு கொண்ட செம்பு சல்பேட் சுமார் 3.1 மில்லிகிராம். இந்தத் தட்டிலும் அதே அளவு புழு செத்தால், நீங்கள் கண்டது நானோவின் வலிமை அல்ல, கரைந்த உலோகத்தின் வலிமை. அப்படியொரு முடிவு வந்தால் மனம் தளர வேண்டாம். அதுவும் ஒரு கண்டுபிடிப்பே, மறைக்காமல் எழுதுங்கள்.

இரண்டாவது, பெருந்துகள் தட்டு. அதே ஆக்சைடின் சாதாரணப் பொடி. அளவு சிறிதானதால் என்ன கூடியது என்பதை இதுவே காட்டும். மூன்றாவது, துகளைப் பிரித்தெடுத்த நீர். துகள் கலவையைச் சோதனை நேரம் முழுவதும் ஊறவைத்து, மையவிலக்கியில் துகளை நீக்கி, மேல்நீரை மட்டும் புழுவுக்குக் கொடுங்கள். கசிந்த அயனியின் பங்கு இதில் வெளிப்படும். இலைச்சாற்று முறையில் தயாரித்திருந்தால் சாறு மட்டும் கொண்ட தட்டு நான்காவதாகச் சேரும்.

வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் புழுவுக்குச் செய்த கேட்டை அளக்கும் நொதிச் சோதனைகளும் செல் உயிர்ப்பைக் காட்டும் நிறச் சோதனைகளும் பின்னர் வரும். நானோ துகள் சாயத்தோடு வினைபுரியலாம், ஒளியையும் சிதறடிக்கலாம். புழுவே இல்லாமல் துகளும் சாயமும் மட்டும் உள்ள தட்டை வைத்து அந்தப் பிழையை முதலில் கழியுங்கள்.

படி 8: விலங்குக்குப் போகும் முன் ஒரு கணக்கு

தட்டில் 1 மி.லி.க்கு 1 மில்லிகிராம் செறிவில் எல்லாப் புழுவும் செத்தன என்று வைத்துக்கொள்வோம். செம்மறியின் முதல் இரைப்பையில் 10 லிட்டர் திரவம் இருந்தால், அதே செறிவுக்கு 10 கிராம் துத்தநாக ஆக்சைடு வேண்டும். அதில் துத்தநாகம் 8 கிராம். செம்மறியின் தீவன உலர்பொருளில் ஒரு கிலோவுக்குச் சுமார் 300 மில்லிகிராம் துத்தநாகம் வரைதான் தாங்கும் என்பது ஊட்டவியலார் வகுத்த எல்லை. நாளுக்கு ஒரு கிலோ உலர்பொருள் தின்னும் ஆட்டுக்கு நீங்கள் கொடுக்க நினைப்பது ஒரு நாள் எல்லையின் 25 மடங்குக்கும் மேல். ஒரு வேளை மருந்து வேறு, தினமும் தின்னும் தீவனம் வேறு என்பது சரிதான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "நம்பிக்கையூட்டும் முடிவு" என்று எழுதாதீர்கள். மிகுந்த துத்தநாகம் கணையத்தைச் சிதைக்கும், உடலின் செம்பைக் குறைக்கும்.

இதோடு நான்காம் இரைப்பையின் அமிலமும் இருக்கிறது. பி.எச். 2, 3 என்ற நிலையில் துத்தநாக ஆக்சைடு துகளாகவே நிற்காது, அயனியாகக் கரைந்துவிடும். அப்படியானால் சிறுகுடல் புழுவிடம் துகள் எப்படிப் போய்ச் சேரும்? ஹீமாங்கஸ் மிகுந்த வயிற்றிலோ அமிலத்தன்மை குறைந்து கரைதலின் வேகமும் மாறும். உறை பூசுவதும், குடலில் மட்டும் கரையும் பொதியுறை செய்வதும் இந்தச் சிக்கலுக்கான தேடல்களே.

செம்பு ஆக்சைடுக் கம்பித் துகள்கள் இங்கே நல்ல ஆசான். இவை நானோ அல்ல, கண்ணுக்குத் தெரியும் குட்டிக் கம்பித் துண்டுகள். செம்புக் குறைபாட்டுக்காகப் பொதியுறையில் அடைத்துக் கொடுக்கப்பட்டவை, ஹீமாங்கஸையும் குறைப்பது பின்னர் தெரியவந்தது. அவை நான்காம் இரைப்பையின் மடிப்புகளில் சிக்கித் தங்கி, அமிலத்தில் மெல்ல மெல்லச் செம்பை விடுவிக்கின்றன. புழு இருக்கும் இடத்திலேயே மருந்து கரைகிறது. குடலில் உள்ள புழுக்களின் மேல் அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு என்பதற்கும் இதுவே காரணம். எவ்வளவு சிறியது என்பதைவிட எங்கே கரைகிறது என்பது பெரிது என்று நான் உறுதியாக நம்புவது இந்தக் கம்பிகளைப் பார்த்துத்தான்.

படி 9: உயிருள்ள விலங்கு

இது தனியாக எடுத்துவைக்கும் அடி அல்ல. விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்து ஒப்புதலும், கால்நடை மருத்துவரும், நஞ்சியல் தெரிந்தவரும் உடனிருக்க வேண்டும். அதற்கு முன்பே இரண்டு வேலைகளை முடித்திருங்கள். குடல் செல் வளர்ப்பில் துகளைச் சோதித்து, புழுவைக் கொல்லும் செறிவுக்கும் செல்லைக் கொல்லும் செறிவுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து, முதல் இரைப்பைத் திரவத்தை ஆய்வுக்கூடத்தில் நொதிக்க வைத்து வாயு அளவைப் பாருங்கள். அந்த இரைப்பையின் நுண்ணுயிர்கள் இல்லாமல் ஆடு புல்லைச் செரிக்க முடியாது. புழுவோடு அவற்றையும் கொன்றால் ஆடு தீவனம் இருந்தும் பட்டினி கிடக்கும்.

நேரடிச் சோதனையில் முட்டை எண்ணிக்கையோடு உடல் எடை, இரத்தச் சிவப்பணு அளவு, ஈரல் மற்றும் சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைத் தொடர்ந்து பாருங்கள். முட்டை குறைவது புழு இறந்ததாலும் இருக்கலாம், பெண் புழு தற்காலிகமாக முட்டையிடுவதை நிறுத்தியதாலும் இருக்கலாம். சில வாரம் கழித்து எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். செம்பு கொடுத்த ஆட்டை மருந்து நின்ற பிறகும் வாரக்கணக்கில் கண்காணிக்க வேண்டும், நஞ்சு தாமதமாகத்தான் வெளிப்படும். ஈரல், சிறுநீரகம், தசை, பால் ஆகியவற்றில் உலோக அளவை நாள் வாரியாக அளந்தால்தான், எத்தனை நாள் கழித்து அந்த இறைச்சியையும் பாலையும் மனிதர் உண்ணலாம் என்பதைச் சொல்ல முடியும்.

படி 10: சாணத்தைப் பின்தொடருங்கள்

உலோகம் சிதைந்து மறைவதில்லை. உடலில் தங்காததில் பெரும்பகுதி சாணத்தில் வரும், சாணம் வயலுக்குப் போகும், ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் ஏறும். பன்றிக்குட்டிகளின் கழிச்சலுக்கு மருந்தளவில் கொடுக்கப்பட்டு வந்த துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன் மாதத்தோடு நிறுத்தியது. மண்ணிலும் நீரிலும் உலோகம் சேர்வது அதற்கு முதன்மைக் காரணம். மிகுந்த துத்தநாகம் இருக்கும் சூழலில் நுண்ணுயிர்க் கொல்லிகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களும் தேர்ந்து பெருகக்கூடும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அது சாதாரணப் பொடி. நானோ வடிவம் இந்தக் கேள்வியிலிருந்து விலக்குப் பெறாது.

எனவே சோதனை ஆடுகளைத் தனித் தளத்தில் கட்டி, புழுக்கை முழுவதையும் சேகரியுங்கள். கொடுத்த உலோகத்தில் எத்தனை விழுக்காடு வெளியே வந்தது என்று கணக்கு வையுங்கள். அந்தப் புழுக்கையில் சாணவண்டும் மண்புழுவும் வாழ்கின்றனவா, அதில் முளைக்கவிட்ட விதை வேர் விடுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்று விடைகளும் கிடைக்கும் வரை ஒரு கூடை எருவைக்கூட வயலுக்கு அனுப்பாமல், பூட்டிய கொட்டகையில் குறியிட்டு வையுங்கள்.